உள்ளே கொஞ்சம் துணி விட்டு

அரிசிச் சிப்பம் வந்து இறங்கும் நாளில் எங்கள் வீட்டில் கத்தியோ கத்தரிக்கோலோ எடுக்க மாட்டோம். அம்மா சிப்பத்தின் வாயை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். ஒரு முனையில் நூலை நகத்தால் நெருடி, ஒரே ஒரு கண்ணியை விடுவிப்பாள். அப்புறம் இழுப்பாள். சர்ரென்று முழுத் தையலும் அவள் கையோடு ஓடி வந்துவிடும். சுருள் சுருளாக வரும் அந்த நூலை அட்டையில் சுற்றி வைத்துக்கொள்வாள். பூ கட்டவும் பொட்டலம் கட்டவும் ஆகும்.

நானும் இழுத்துப் பார்ப்பேன். பாதி நாள் நூல் இறுகிக்கொண்டு வராது.

"முடிச்ச பக்கத்துல இருந்து இழுக்கணும் பாப்பா. ஆரம்பிச்ச பக்கத்துல இருந்து வராது" என்பாள்.

அம்மா ஒட்டன்சத்திரத்தில் எங்கள் தெருவுக்கே டெய்லரக்கா. ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பாள். அவள் சொன்னதற்குக் காரணம் எனக்குப் புரிந்தது பல வருடம் கழித்து, திருப்பூரில் வேலைக்குப் போன பிறகுதான்.

சிப்பத்தில் இருப்பது சங்கிலித் தையல். பெரும்பாலும் ஒரே நூல். ஊசி சாக்கைக் குத்திக்கொண்டு கீழே போகும்போது அடியில் ஒரு வளையம் விழுகிறது. கொக்கி மாதிரி இருக்கும் லூப்பர் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை ஊசி இறங்கும்போது புது வளையம் பழைய வளையத்துக்குள் நுழைந்து அதைப் பூட்டுகிறது. புதியதைப் பூட்ட அதற்கு அடுத்தது வர வேண்டும். இப்படியே போனால் கடைசி வளையத்தைப் பூட்ட யாரும் இல்லை. அதை விடுவித்தால் அதற்கு முந்தையது விடுபடும், அப்புறம் அதற்கு முந்தையது. முதல் முனையில் பிடித்து இழுத்தால் வளையங்கள் இன்னும் இறுகத்தான் செய்யும். ஐந்து நொடியில் பிரிய வேண்டும், தைக்கும்போதும் ஐந்து நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்றால், சிப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான தையல் கிடையாது.

சரியாக வேலைக்கு வந்த முதல் தையல் மிஷின்களும் சங்கிலித் தையல்தான் போட்டன. பிரான்சில் பார்தெலெமி திமோனியே என்ற தையல்காரர் 1830-இல் ஒரு மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் ஊசி முனையில் கொக்கி உண்டு. கொக்கி துணிக்குள் இறங்கி, கீழே இருக்கும் நூலைப் பிடித்து, வளையமாக மேலே இழுத்து வரும். இன்றைக்குக் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிற பெண்களின் கையில் இருக்கும் ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சங்கதிதான். அவர் ஊர்ப் பக்கத்திலும் கொக்கி ஊசியால் பூ வேலை செய்யும் பழக்கம் இருந்தது. பாரிஸில் 80 மிஷின்களை வைத்து ராணுவத்துக்கு உடுப்பு தைக்க ஆரம்பித்தார்கள். 1831-இல் ஊர்த் தையல்காரர்கள் கூட்டமாகப் புகுந்து அவற்றை உடைத்துப் போட்டார்கள். அவர்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்கக் குனிந்து தைத்துக் கூலி வாங்குகிறவருக்கு, பக்கத்து அறையில் 80 மிஷின் ஓடும் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்! திமோனியேயும் வறுமையில்தான் 1857-இல் இறந்தார்.

மிஷின்களைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட காந்தி, 1924-இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மிஷினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். உலகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பயனுள்ள பொருள்கள் சிலவற்றில் அது ஒன்று என்றார். எங்கள் வீட்டில் அது உண்மை. அம்மாவின் கால் மிஷின்தான் எங்களைப் படிக்க வைத்தது.

அது ஒரு பழைய உஷா மிஷின். நான் பிறப்பதற்கு முன்பே செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கறுப்பு உடம்பு, தேய்ந்துபோன தங்க நிறப் பூ வேலை, மரப்பலகை, கீழே இரும்பு மிதி. வளர்ந்த பிறகு அதைக் கழற்றி எண்ணெய் விடும் வேலை என்னுடையது. அப்போதுதான் அந்தத் தையல் எப்படி விழுகிறது என்பதைக் கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, பலமுறை பார்த்தேன். இன்றும் எனக்கு அலுக்காத காட்சி அது.

கை ஊசிக்குக் காது பின்பக்கம் இருக்கும். முழு ஊசியும் துணிக்குள் போய் மறுபக்கம் வந்தால்தான் தையல். மிஷின் ஊசிக்குக் காது முனையிலேயே இருக்கிறது. அது துணியைக் கடந்து போக வேண்டியதில்லை. நூலை அந்தப் பக்கம் காட்டிவிட்டுத் திரும்பி வந்தால் போதும். ஊசி அடிமட்டத்துக்கு இறங்கி, மறுபடி இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறும்போது, துணி பிடித்துக்கொண்டிருக்கும் நூல் கூடவே ஏற முடியாமல் பக்கவாட்டில் சின்னதாக உப்பும். அந்த உப்பலுக்குள், துணிக்கு அடியில் இருக்கும் ஷட்டிலின் முனை நுழைந்து, நூலை வளையமாக அகட்டி, கீழ் நூல் சுற்றிய பாபின் இருக்கும் கேஸைச் சுற்றி வரச் செய்கிறது. மேல் நூல் பாபினையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது என்றால், அதற்குள் இருந்த கீழ் நூல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். மேலே இருக்கும் நெம்புகோல் மிச்ச நூலை வெடுக்கென்று இழுத்து இறுக்குகிறது. இத்தனையும் ஒரு தையலுக்கு. இன்றைய கம்பெனி மிஷின் நிமிடத்துக்கு 5,000 முறை இதைச் செய்கிறது.

ஊசியைக் கொஞ்சம் திருப்பி மாட்டினாலும் அந்த உப்பல் ஷட்டிலுக்கு எதிரே வராது. தையல் விட்டு விட்டு விழும். புதிதாக மிஷின் வாங்கிய பெண்கள் அம்மாவிடம் கொண்டுவந்த பிரச்சினைகளில் பாதி இதுதான். ஒரே இடத்து நூல், துணியில் போய் உட்காருவதற்கு முன் ஊசிக் காதுக்குள் பல முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. மட்டமான நூல் அதற்குள் பஞ்சாகிவிடும். நூலில் காசு பார்க்காதே என்று அம்மா சொன்னது அதனால்தான்.

இந்த லாக் ஸ்டிச்சை அமெரிக்காவில் 1830-களில் வால்டர் ஹண்ட் செய்து பார்த்தார். தையல் வேலை செய்யும் பெண்களின் பிழைப்பு போய்விடுமே என்று தயங்கி அவர் காப்புரிமை வாங்காமல் விட்டதாகச் சொல்வார்கள். 1846-இல் எலியாஸ் ஹோவ் வாங்கினார். 1851-இல் ஐசக் சிங்கர் வந்தார். அப்புறம் நடந்த வழக்குகள் பெரிய கதை, இங்கே வேண்டாம். ஆலன் வில்சன் என்பவரை மட்டும் சொல்ல வேண்டும். துணிக்கு அடியில் இருக்கும் பல் மேலே எழுந்து, துணியை ஒரு எட்டு நகர்த்தி, கீழே இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்புகிறதே, அந்த நான்கு அசைவு அவர் கொடுத்தது. வளைத்துத் தைக்க முடிவதும் தையல் ஒரே அளவில் விழுவதும் அந்தப் பல்லால்தான்.

லாக் ஸ்டிச்சில் இரண்டு நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். மேல் நூல் இறுக்கமாக இருந்தால் கீழ் நூலைப் புள்ளி புள்ளியாக மேலே இழுத்துவிடும். தளர்ந்திருந்தால் அடிப்பக்கம் கொசகொசவென்று வளையம் விழும். சரியாக விழுந்த தையலுக்கு இரண்டு பக்கமும் ஒரே முகம். அம்மா யாருடைய தையலைப் பார்த்தாலும் முதலில் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடையில் சட்டை எடுத்தால் என் விரல் தானாக உள்பக்கத்தைத் திருப்புகிறது.

சிப்பத்து நூல் மாதிரி இது ஓடாது. ஓர் இடத்தில் அறுந்தால் அந்த இடத்தோடு சரி. ஒவ்வொரு முடிச்சும் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். பிரிக்க வேண்டுமென்றால் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். அம்மா பாதி பிளேடை வைத்துக்கொண்டு ஒரு பக்க நூலை நாலைந்து தையலுக்கு ஒன்றாக நறுக்கிக்கொண்டே போவாள். அப்புறம் துணியைத் திருப்பி, மறுபக்க நூலை ஒரே இழையாக உருவி எடுப்பாள். துணியில் ஒரு கீறல் விழாது.

ஏன் இவ்வளவு பிரித்தாள் என்றால், பிரிப்பதற்காகவே தைத்தாள். ஜாக்கெட்டின் பக்கவாட்டில் அம்மா ஒரு தையலோடு நிறுத்த மாட்டாள். உடம்புக்குச் சரியாக ஒன்று. அதற்கு வெளியே அரை விரல் தள்ளி இன்னொன்று. அதற்கும் வெளியே மூன்றாவது. அதையும் தாண்டிக் கொஞ்சம் துணி சும்மா உள்ளே கிடக்கும். கல்யாணமான மறு வருடமோ பிள்ளை பெற்ற பிறகோ ஜாக்கெட் பிடித்தால், உள்தையலைப் பிரித்தால் போதும், அடுத்தது தயாராக இருக்கிறது. அளவு ஜாக்கெட் கொண்டுவரும் பெண்களிடம், "உள்ளே துணி விட்டிருக்கேன், பிடிச்சா கொண்டு வா, பிரிச்சுத் தரேன்" என்பாள். காசு வாங்க மாட்டாள். தைத்த கூலியிலேயே அது சேர்த்தி என்பது அவள் கணக்கு.

தமிழ்நாட்டில் ஜாக்கெட் தைக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த வழக்கம்தான் இது. ஆனால் வேறு எந்த உடுப்பையும் இப்படித் தைக்கிறோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பெண்ணின் உடம்பு மாறும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டு, அதற்கான இடத்தை உள்ளே மடித்து வைத்துத் தருகிற தையல் இது. சேலைக்கு ஃபால்ஸ் வைக்கும்போதும் மேல் ஓரத்தைக் கையால்தான் எம்மிங் பண்ணுவாள். சேலைக்கு முன்னால் ஃபால்ஸ் நைந்துவிடும், அன்றைக்குப் பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்பாள்.

அம்மாவின் மிஷின் தோற்ற இடம் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பில் விளையாட்டுப் போட்டிக்கு மஞ்சள் பனியன் வேண்டுமென்றார்கள். அம்மா பனியன் துணி வாங்கி வந்து ராத்திரியே தைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. காலையில் தலை வழியாக மாட்டினேன். பொட் பொட்டென்று கழுத்தைச் சுற்றித் தையல் விட்டது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் அறுந்திருந்தது. அம்மா திகைத்துப் போனாள். அவள் தையல் அறுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஊக்கு குத்திக்கொண்டு ஓடினேன்.

திருப்பூரில் டெய்லருக்குக் கூட இருந்து உதவும் கைமடியாகச் சேர்ந்தேன், அப்புறம் செக்கிங். அங்கேதான் அந்த மஞ்சள் பனியனுக்குப் பதில் கிடைத்தது. அங்கே டெய்லர் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர் என்று மிஷினை வைத்துத்தான் ஆள். லாக் ஸ்டிச் போடும் மிஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அது சிங்கர்தான். அம்மா வாழ்நாள் முழுக்க ஓட்டிய தையலுக்குப் பனியன் கம்பெனியில் லேபிள் வைப்பது, காலர் வைப்பது மாதிரி சில இடங்கள்தான். மற்றதெல்லாம் விளிம்பைக் கட்டும் ஓவர்லாக்கும் மடிப்பு தைக்கும் பேட்லாக்கும்.

பனியன் துணி நெய்தது அல்ல, பின்னியது. வளையம் வளையமாக இருப்பதால் இழுத்தால் நீளும். லாக் ஸ்டிச்சில் நூல் கிட்டத்தட்ட நேர்கோடாகத்தான் கிடக்கிறது. துணி நீளும்போது நூலுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. ஓவர்லாக்கில் அப்படி இல்லை. ஊசி நூல் ஒன்றோ இரண்டோ, அதோடு மேலும் கீழும் இரண்டு லூப்பர்கள். துணியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நூல் வளைந்து போகிறது. இழுத்தால் அந்த வளைவுகள் நிமிர்ந்து கொடுக்கும், விட்டால் பழையபடி சுருங்கும்.

நூல் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தையல்களுக்கு உலகம் முழுக்க ஒரே எண் உண்டு. சாதாரண லாக் ஸ்டிச் 301, இரட்டை நூல் சங்கிலி 401, மூன்று நூல் ஓவர்லாக் 504, டீ ஷர்ட்டின் அடி மடிப்பில் வரும் பேட்லாக் 406. ஒரு மீட்டர் தைக்க 301-க்குச் சுமார் இரண்டரை மீட்டர் நூல் போதும். 401-க்கு ஐந்தரை மீட்டர். 504-க்குச் சுமார் 14 மீட்டர், 406-க்கு 18. ஐந்து நூல் பேட்லாக்கான 605-க்கு 28 மீட்டர் வரை போகும். முதல் முறை இதைக் கேட்டபோது, இவ்வளவு நூலா என்று மலைத்துப் போனேன். அந்த 14 மீட்டரில் மிச்சமாகச் சுருண்டு கிடப்பதுதான் பனியனின் நீட்சி. அம்மாவின் ஜாக்கெட்டில் துணி சும்மா உள்ளே கிடந்தது. இங்கே நூல் சும்மா உள்ளே கிடக்கிறது.

ஆனால் ஓவர்லாக் மிஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு கத்தி இருக்கிறது. தைத்துக்கொண்டே விளிம்பை நறுக்கிக்கொண்டு போகும். நிமிடத்துக்கு 6,000 தையலுக்கு மேல் ஓடும்போது நறுக்கிய துணி கீழே நார் நாராகக் குவியும். பின்னல் துணியின் விளிம்பு சுருண்டுகொள்ளும், பிரியும். அமெரிக்காவில் கனெக்டிகட்டில் பின்னலாடை ஆலை வைத்திருந்த மெர்ரோ குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தையலுக்கு மிஷின் செய்ததும் அந்த விளிம்பைக் கட்டத்தான். வேலை வேகம், உள்பக்கமும் சுத்தம். எனக்கு ஓவர்லாக் மேல் மரியாதை உண்டு. நம் உடம்பில் படும் பாதி உடுப்பை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. என்றாலும், முதல் தடவை அந்தக் கத்தி ஓடுவதைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் மூன்று தையல்தான் ஞாபகம் வந்தது. ஓவர்லாக் போட்ட பனியனைப் பெரிதாக்க முடியாது. உள்ளே எதுவும் இல்லை.

சங்கிலித் தையலையும் அங்கே மறுபடி சந்தித்தேன். பேட்லாக்கும் அந்தக் குடும்பம்தான். டீ ஷர்ட்டின் அடி மடிப்பில், மேலே இரண்டு நேர்கோடு தெரியும். திருப்பினால் வலை மாதிரி லூப்பர் நூல் ஓடும். வட்டமாகத் தைத்து ஆரம்பித்த இடத்தின் மேலேயே கொஞ்ச தூரம் மறுபடி தைத்து முடிக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் அவசர ஆர்டர் ஒன்று. ராத்திரி ஷிப்டில் அந்த ஏற்றித் தைக்கும் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. செக்கிங்கில் என் கைக்கு வந்த பீஸில் அடியில் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. டிரிம் பண்ணலாம் என்று பிடித்தேன். சர்ரென்று வந்தது. சிப்பத்துச் சத்தம். என் கையில் மடிப்பு முழுக்கப் பிரிந்து நின்றது. அடுத்த பீஸ், அதற்கடுத்த பீஸ், எல்லாம் அப்படியே. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். முதலில் என்மேல்தான் கோபப்பட்டார். நான் எதுவும் பேசாமல் அவர் கையில் ஒரு பீஸைக் கொடுத்து நூலை இழுக்கச் சொன்னேன். அத்தனை பெட்டியையும் பிரித்து மறுபடி தைத்தார்கள். முடிச்ச பக்கத்துல இருந்து இழுக்கணும் என்று சொல்லிக்கொடுத்தவளை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சங்கிலித் தையல் மட்டமானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜீன்ஸ் பேன்ட்டின் முக்கியமான தையல்களில் பல 401 சங்கிலிதான். பாபின் தீர்ந்துபோகும் தொல்லை இல்லை, இரண்டு நூலும் பெரிய கோனிலிருந்தே வரும். தையலும் கொஞ்சம் கொடுக்கும். முனையைக் கட்டினால் போதும், வருடக்கணக்கில் நிற்கும்.

வீட்டு மிஷினில் பனியன் துணி தைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தைக்கலாம். ஜிக்ஜாக் இருந்தால் அகலத்தைக் குறைத்து, நீளத்தை நடுவில் வைத்துத் தையுங்கள். நூல் வளைந்து வளைந்து போவதால் நீளக் கொஞ்சம் இடம் கிடைக்கும். முனை உருண்டையாக இருக்கும் பால் பாயின்ட் ஊசி போடுங்கள். அது வளையங்களைக் குத்தி அறுக்காமல் ஒதுக்கிக்கொண்டு இறங்கும். துணியை இழுத்துப் பிடிக்காமல் பல் நகர்த்தும் வேகத்துக்கு விட்டுவிடுங்கள். என் மஞ்சள் பனியனுக்கு இது போதுமானதாக இருந்திருக்கும். அம்மாவின் மிஷினில் ஜிக்ஜாக் கிடையாது.

இப்போது ஜாக்கெட் கடைகளிலும் ஓவர்லாக் வந்துவிட்டது. உள்பக்கம் பிசிறு இல்லாமல் பார்க்க நன்றாக இருக்கிறது, வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை. உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டு, மூன்று தையலும் போட்டுவிட்டு, கடைசி விளிம்பில் ஓவர்லாக் அடித்தால் இரண்டும் கிடைக்கும். தையலுக்கு ஒட்டியே நறுக்கித் தருகிற இடங்களில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆரி வேலை செய்த பட்டு ஜாக்கெட்டை, இரண்டு வருடம் கழித்து ஒன்றும் செய்ய முடியாமல் மடித்து வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! தைக்கக் கொடுக்கும்போது வாயைத் திறந்து கேளுங்கள்: உள்ளே எவ்வளவு துணி விடுவீர்கள்?

போன மாதம் என் கல்யாண ஜாக்கெட்டை எடுத்தேன். தங்கை மகள் காதுகுத்துக்குப் போட்டுக்கொள்ள ஆசை. கத்தரிப்பூ நிறப் பட்டு, அம்மா தைத்தது. மூத்தவன் பிறந்த பிறகு முதல் தையலை அவளே பிரித்துக் கொடுத்திருந்தாள். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். பாதி பிளேடால் இரண்டாவது தையலை நான் நறுக்கி, திருப்பி, நூலை உருவினேன். விரித்துப் பார்த்தால், வெளியே தெரிந்த பட்டு முழுக்க வெளிறியிருக்கிறது, இவ்வளவு நாள் மடிப்புக்குள் கிடந்த அந்த அரை விரல் பட்டை மட்டும் கடையில் எடுத்த அன்றைய நிறத்தில் இருக்கிறது. பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. பருத்தி என்றால் ஒரு துவைப்பில் மூடிக்கொள்ளும், பட்டில் நின்றுவிடும்.

"பக்கத்துல கோடு தெரியுதும்மா, துளையும் தெரியுது" என்றேன்.

"முந்தானை மறைச்சுக்கும்" என்றாள் அம்மா. விரலை உள்ளே விட்டு மூன்றாவது தையலைத் தேடிப் பார்த்தாள்.